நோலீனின் பதினாலாம் ஷரத்து

பர்னி ஊரில், கடற்கரைச் சாலைக்கு ஒரு தெரு தள்ளி இருக்கிற எங்கள் ஆர்கேடில், அதாவது கூரை போட்ட கடைவரிசையில், கடைகள் பதினொன்று. பதினொரு கடைக்காரர்களும் கையெழுத்துப் போட்டிருக்கிற வாடகை ஒப்பந்தம் நாற்பத்தாறு பக்கம். அதை முழுசாகப் படித்தவர் யாரும் கிடையாது, எழுதிய வக்கீல் உட்பட. ஆனால் இருபத்தொன்பதாம் பக்கத்தில் வரும் பதினாலாம் ஷரத்தை நோலீன் டகன் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுத்துப் பிசகாமல் சொல்வாள். ‘ஆர்கேடில் சூடான பானங்களை விற்கும் உரிமை கடை எண் நான்குக்கு மட்டுமே உண்டு. பிற கடைக்காரர்கள் அவற்றை விற்கவோ, இலவசமாக வழங்கவோ கூடாது.’ கடை எண் நான்கு நோலீனுடைய காபிக்கடை.

கட்டிடத்துக்காரர் ஹோபார்ட்டில் இருக்கிறார். அவர் முகத்தை யாரும் பார்த்ததில்லை. அவருடைய ஏஜென்ட் ஆபீஸ் லான்செஸ்டனில். அவர்களுக்கு வாடகை வந்தால் போதும். யார் எதை விற்றால் என்ன? ஆகவே ஷரத்தைக் காக்கிற வேலையை நோலீன் தானே எடுத்துக்கொண்டாள். பத்தொன்பது வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தாள். முடிதிருத்தும் ட்ரூடி, சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குத் தேநீர் கொடுத்தபோது போய் நின்றாள். மருந்துக்கடையில் சளிக்கு ஒரு எலுமிச்சைப் பொடியை வெந்நீரில் கலக்கிச் சாம்பிள் கொடுத்தபோதும் போய் நின்றாள்.

"இது மருந்து, நோலீன்," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"சூடா இருக்குல்ல? குடிக்கிறாங்கல்ல?" என்றாள் நோலீன். "அப்ப அது பானம்."

முதுகுக்குப் பின்னால் அவளுக்கு 'பதினாலு' என்று பெயர். 'பதினாலு வருது, கெட்டிலை மறை' என்று கேலி பேசுவார்கள். அவளுக்கும் அது தெரியும். தெரிந்து, கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொள்வாள்.

ஒரே ஒரு தடவைதான் தோற்றிருக்கிறாள். ஒன்பதாம் எண்ணில் பழைய புத்தகக்கடை இருந்த காலத்தில், அந்த ஆள் மூலையில் ஒரு தேநீர்ப் பாத்திரம் வைத்தான். நல்ல பேச்சுக்காரன். நோலீனும் சிரித்துப் பேசிக்கொண்டே, சொல்லலாம் சொல்லலாம் என்று மூன்று மாதம் விட்டுவிட்டாள். பிறகு கடிதம் போட்டால் ஏஜென்ட் ஆபீஸிலிருந்து பதில் வந்தது: மூன்று மாதம் தெரிந்தும் சிநேகமாக இருந்திருக்கிறீர்கள், அது சம்மதத்துக்குச் சமம். புத்தகக்கடை மூடும்வரை அந்தப் பாத்திரம் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. அந்தக் காயம் அவளுக்கு ஆறவே இல்லை.

இத்தனை கறாராக இருக்கிறாளே, பணத்தாசை பிடித்தவள் என்று நினைத்துவிடக் கூடாது. அவளுக்கு அந்தக் கடையை விட்டால் வேறொன்றும் இல்லை. கணவன் கெல், வெயில் வேண்டும் என்று சொல்லிக் குவீன்ஸ்லாந்து போனான். போன இடத்தில் வெயிலோடு வேறொருத்தியும் கிடைத்தாள். மகள் பெர்த்தில். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள், குழந்தை அழுதால் வைத்துவிடுவாள். மேட்டின் மேல் இருக்கிற வீட்டில் குளிர்காலம் முழுக்கக் கடல் காற்று ஜன்னலை ஆட்டும். சனிக்கிழமை மதியம் கடையைப் பூட்டினால் திங்கள் காலைவரை நோலீன் வாயைத் திறக்கத் தேவையே இருக்காது. சில ஞாயிறுகளில் தன் குரல் இருக்கிறதா என்று பார்க்க வானிலை அறிக்கையை உரக்க வாசிப்பாள். அறுபத்தொரு வயதில் அவளுக்கு அது வெட்கமாக இருந்தது.

இந்த நாட்களை ஒரு மாதிரி தாங்கிப்பிடித்தது ஸிக்கி. ஐந்தாம் எண்ணில் காசு போட்டுத் துணி துவைக்கும் கடை வைத்திருக்கும் ஸிக்மன்ட் வோய்ச்சிக். அவனுடைய அப்பா அணை கட்டும் வேலைக்குப் போலந்திலிருந்து வந்தவர். மனைவி ஹலினா இறந்து சில வருஷம் ஆகிறது. ஸிக்கி ஆறு மணிக்குத் தன் கடையைத் திறந்து, உலர்த்தும் மெஷின்களை ஓடவிட்டு, ஆறரைக்கு நோலீன் கடைக் கண்ணாடியைத் தட்டுவான். அவள் ஏழு மணிக்குத்தான் திறப்பாள். ஆனாலும் தட்டுவான், அவளும் திறப்பாள். பால் காபி, இரண்டு சர்க்கரை. உட்காரவே மாட்டான். கவுன்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு இருபது நிமிஷம் நிற்பான். மெஷின்களில் ஜோடியில்லாமல் மிஞ்சிய காலுறைகளைப் பையிலிருந்து எடுத்துக் கவுன்டரில் பரப்பி, எது யாருடையது என்று சொல்லச் சொல்லுவான்.

"இது பாங்கிக்காரனோடது."

"எப்படிச் சொல்ற?"

"மேல பாத்தா புதுசு. குதிகால்ல பாரு, ஓட்டை."

ஸிக்கி சிரிக்கும்போது காபி தளும்பும். அவ்வளவுதான் விஷயம். அவர்களுக்குள் வேறொன்றும் கிடையாது. ஆர்கேடில் சிலர் கண்ணடித்ததெல்லாம் வீண். ஆனால் அந்த இருபது நிமிஷத்துக்காகத்தான் நோலீன் ஐந்து மணிக்கு எழுந்தாள் என்பது நிஜம். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, ஸிக்கியிடமும்தான்.

எங்கள் ஊர்க் குளிர்காலம் தொடங்கும் ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் நாலு மணி வாக்கில், மருத்துவமனை நர்ஸ் ஒருத்தி நோலீன் கடையைத் தாண்டிப் போனாள். கையில் காகிதக் கோப்பை, ஆவி பறக்கிறது. நோலீன் கடைக் கோப்பை பச்சை, இது பழுப்பு. நோலீன் துடைத்துக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு வெளியே வந்து, ஐந்தாம் எண்ணின் கண்ணாடி வழியே பார்த்தாள். சோப்புத்தூள் விற்கும் பெட்டிக்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்கு ஒரு மெஷின். பட்டனை அழுத்தினால் காபி, தேநீர், சாக்லேட். ஸிக்கி கடையில் இல்லை, பாங்குக்குப் போயிருந்தான்.

வேறு யாராயிருந்தாலும் உள்ளே போய் நின்று ஷரத்தைச் சொல்லியிருப்பாள். இங்கே கால் வரவில்லை. கோபம் வந்திருந்தால் போயிருப்பாள், வந்தது அழுகை. இத்தனை வருஷம் என் கவுன்டரில் நின்றவன், ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று இருந்தது. கடைக்குள் வந்து, டெவன்போர்ட்டில் இருக்கிற வக்கீலம்மாவுக்குப் போன் போட்டாள்.

"முதல்ல ஏஜென்ட்டுக்கு எழுத்துல புகார் குடுத்துடுங்க," என்றாள் வக்கீலம்மா. "அவங்க பதினாலு நாள் கெடு வச்சு நோட்டீஸ் விடுவாங்க. அதுவரைக்கும் அவரோட சகஜமாப் பேசாதீங்க. பழைய கேஸ்ல என்ன ஆச்சு, ஞாபகம் இருக்குல்ல?"

"அவன் தெனம் காலைல கடைக்கு வருவான்."

"காபி குடுங்க, காசு வாங்குங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம். சிரிச்சுப் பேசினா, தெரிஞ்சுதான் விட்டாங்கன்னு ஆயிடும்."

அன்றைக்கே புகாரை அனுப்பிவிட்டாள். மறுநாள் ஆறரைக்குக் கண்ணாடி தட்டப்பட்டது. நோலீன் திறந்தாள்.

"என்ன குளிருடாப்பா! நோலீன், உன்கிட்ட ஒரு விஷயம் கேக்கணும்," என்று கைகளைத் தேய்த்துக்கொண்டு வந்தான் ஸிக்கி.

நோலீன் முதுகைத் திருப்பிக்கொண்டு பாலைச் சுடவைத்தாள். பால் சுடும் இரைச்சலில் அவன் சொல்லத் தொடங்கியது அமுங்கிப்போனது. கோப்பையை வைத்தாள். காசை வாங்கினாள். கல்லாவை மூடினாள்.

"என்னாச்சு? உடம்பு சரியில்லையா?"

அவள் கரண்டிகளை அடுக்கினாள். ஸிக்கி காலுறைப் பையை எடுத்துக்கொண்டு போனான்.

வியாழக்கிழமை அவனுக்கு நோட்டீஸ் வந்துவிட்டது. காரணம் புரிந்திருக்கும். அப்படியும் வெள்ளிக்கிழமை வந்தான். "நோலீன், இதப் பேசித் தீத்துக்கலாமே," என்றான். நோலீன் வாயைத் திறக்கவில்லை. சனிக்கிழமை வந்தான். அடுத்த திங்களும் வந்தான். அன்று அவனும் பேசவில்லை. காபியைக் குடித்தான், இருபது நிமிஷம் நின்றான், போனான். அவன் நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் நோலீனுக்கு நாக்கு துடிக்கும். இன்னும் எட்டு நாள், இன்னும் ஏழு நாள் என்று மனசுக்குள் எண்ணுவாள். கெடு முடியட்டும், மெஷின் போகட்டும், அப்புறம் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொள்வாள். சிரித்துவிட்டால் ஷரத்து போய்விடும். ஷரத்து போனால் கடை போய்விடும். அவளுடைய கணக்கில் ஒரு தப்பும் இல்லை.

நோட்டீஸ் வந்து எட்டாம் நாள், வியாழக்கிழமை. ஆறரைக்கு யாரும் தட்டவில்லை. ஏழுக்கும் தட்டவில்லை.

பதினாலாம் நாள் இரண்டு பேர் வந்து மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஸிக்கி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். 'கடை எண் நான்கின் உரிமை மீட்கப்பட்டது' என்று ஏஜென்ட் ஆபீஸிலிருந்து நோலீனுக்குக் கடிதம் வந்தது. மறுநாள் நாலரைக்கே எழுந்து, ஸிக்கிக்குப் பிடிக்கும் என்று இஞ்சி கேக் செய்து எடுத்துப் போனாள். அவன் வரவில்லை. அந்த வாரமும் வரவில்லை, அடுத்த வாரமும் இல்லை. எதிரில் பார்த்தால் "குட் மார்னிங், நோலீன்" என்பான். மரியாதையாகத்தான் சொல்வான். அந்த மரியாதை அவளுக்குத் தாங்க முடியவில்லை.

ஆகஸ்டில் ஏஜென்ட் ஆபீஸிலிருந்து கர்ஸ்டி என்ற பெண் கடைகளைப் பார்வையிட வந்தாள். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து சுவர், கூரை, குழாய் எல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டு போவாள். நோலீன் கடையின் பின்னறையில் ஒரு துணி துவைக்கும் மெஷின் உண்டு. கடைத் துணிகளோடு ட்ரூடியின் துண்டுகளையும் நோலீன் அதில்தான் துவைத்துக் கொடுப்பாள். அதற்குப் பதில் மாதம் ஒரு தடவை ட்ரூடி அவளுக்கு முடிவெட்டிவிடுவாள். கர்ஸ்டி அதன் முன்னால் நின்று சிரித்தாள்.

"இன்னும் ஓடுதா இது? உங்க பக்கத்துக் கடைக்காரர் உண்மையிலேயே நல்ல மனுஷன், நோலீன்."

"ஏன்?"

"பதினாலாம் ஷரத்துல ஒவ்வொரு கடைக்கும் ஒரு வரி எழுதியிருக்கில்ல? அடுத்தவங்க துணியைத் துவைச்சுக் குடுக்கிற உரிமை அஞ்சாம் நம்பருக்கு மட்டும்தான். ஜூன்ல உங்க புகாரை அவர்கிட்ட குடுக்கப் போனப்ப நானே சொன்னேன். 'நீங்களும் ஒண்ணு எழுதிக் குடுங்க, அவங்க இறங்கி வருவாங்க, மெஷினை வச்சுக்கலாம்'னு."

"என்ன சொன்னான்?"

"'எந்த மெஷின்?'னார். இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் நின்னுட்டிருக்கோம். தடதடன்னு சுவரே ஆடுது. 'இதோ கேக்குதே'ன்னேன். 'எனக்குக் காது கொஞ்சம் மந்தம்'னுட்டார்."

பத்தொன்பது வருஷம் பதினாலாம் ஷரத்தை ஜெபம் மாதிரி சொன்னவள், அதில் தன்னுடைய வரிக்கு அடுத்த வரியைப் படித்ததே இல்லை. கர்ஸ்டி போனதும் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தாள். இருந்தது. கடை எண் நான்கு, அதற்குக் கீழே கடை எண் ஐந்து. மதியம் கூட்டம் வடிந்ததும் கதவில் 'பத்து நிமிஷத்தில் வருகிறேன்' என்ற அட்டையை மாட்டிவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனாள்.

ஸிக்கி விரிப்பு ஒன்றை மடித்துக்கொண்டிருந்தான். இரண்டு கிழவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து தங்கள் துணி சுழல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கர்ஸ்டி சொன்னா," என்றாள் நோலீன். "என் மெஷினைப் பத்தி நீ ஒண்ணுமே சொல்லலையாமே."

"அதுல என்ன இருக்கு? சின்ன மெஷின்."

"அந்தக் காபி மெஷினை ஏன் வச்ச ஸிக்கி? ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கம்பெனிக்காரன் கொண்டாந்து, ஒரு மாசம் சும்மா வச்சுப் பாருன்னு எறக்கிட்டுப் போயிட்டான். மறுநாள் காலைல அதைக் கேக்கத்தான் வந்தேன். நீ வேண்டாம்னா அன்னிக்கே எடுக்கச் சொல்லியிருப்பேன்." விரிப்பின் ஓரத்தை ஓரத்தோடு சேர்த்தான். "நீ திரும்பியே பாக்கல."

"வக்கீல் பேசக்கூடாதுன்னா. பேசினா சம்மதம்னு ஆயிடும்னா."

"தெரியும். நீ உன் உரிமையைத்தான் கேட்ட. அதுல தப்பே இல்ல நோலீன்."

"எனக்கு உரிமையெல்லாம் வேண்டாம் ஸிக்கி." அவள் குரல் உயர்ந்துவிட்டது. கிழவர்கள் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். "நீ காலைல வரணும். அது இல்லாம எனக்கு ஒண்ணுமே இல்ல. புரியுதா? நீ வராம நான் செத்துட்டிருக்கேன்."

ஸிக்கி மடித்த விரிப்பைக் கீழே வைத்தான். அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"ஹலினாவுக்குப் பக்கவாதம் வந்து கடைசி பதினோரு மாசம் பேச்சில்ல," என்றான். "தெனம் பக்கத்துல நின்னு, இன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லுவா, நாளைக்குச் சொல்லுவான்னு பாத்துட்டே இருந்தேன். அவளால முடியாது, பாவம். உன்னால முடியும். முடிஞ்சும் நீ பேசல. உன் கவுன்டர்ல நின்னுட்டு எனக்கு அந்தக் கட்டில்தான் ஞாபகம் வந்துச்சு. இப்பல்லாம் வீட்டுலயே காபி போட்டுக்கறேன். பழகிடுச்சு நோலீன்."

ஒரு கிழவருடைய மெஷின் நின்றது. ஸிக்கி அவருக்கு அதன் கதவைத் திறந்துவிடப் போனான். நோலீன் தன் கடைக்குத் திரும்பிவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க அவள் யோசித்தாள். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. யாரிடம் எதைச் சொல்ல வேண்டுமானாலும் ஏஜென்ட்டுக்கு எழுதியே பழக்கப்பட்டவள். கடைசியில் அதையே செய்தாள். வெள்ளிக்கிழமை கவுன்டரில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் மேல் தானே ஒரு புகார் எழுதினாள். 'கடை எண் நான்கில் பல வருடங்களாக ஷரத்து பதினாலை மீறி, பிற கடையின் துணிகள் துவைத்துத் தரப்படுகின்றன. இதனால் கடை எண் ஐந்து பாதிக்கப்பட்டுள்ளது. உடனே நடவடிக்கை எடுக்கவும். இப்படிக்கு, நோலீன் டகன், கடை எண் நான்கு.'

திங்கட்கிழமை கர்ஸ்டி கூப்பிட்டாள். "நோலீன், எனக்கு ஒண்ணுமே புரியல. புகார் குடுக்கறது யாரு, புகார் யார் மேல?"

"ரெண்டும் நான்தாம்மா. நோட்டீஸ் விடு. முறைப்படி பாதிக்கப்பட்ட கடைக்கும் ஒரு காப்பி அனுப்பணும்ல? அதை மறந்துடாத."

அந்தக் காப்பிதான் அவளுக்கு வேண்டியிருந்தது. நோட்டீஸ் போனால் பதினாலு நாளைக்குள் ஸிக்கி பதில் சொல்லியாக வேண்டும். திட்டட்டும். 'பைத்தியமா உனக்கு' என்று அந்தக் காகிதத்தைக் கசக்கிக்கொண்டு கடைக்குள் வரட்டும். வந்தால் போதும். ட்ரூடி துண்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, அதை வாங்காமல் பக்கத்துக் கடைக்குக் கைகாட்டினாள். துவைக்கும் மெஷினின் பிளக்கைப் பிடுங்கி வைத்தாள். தினமும் ஆறேகாலுக்கே விளக்கைப் போட்டுவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பதினொன்றாம் நாள் காலை, ஏழரை மணிக் கூட்டம் கடைக்குள் நெருக்கிக்கொண்டிருந்தபோது, தபால்காரர் ஏஜென்ட் ஆபீஸ் உறையைக் கவுன்டரில் வைத்துவிட்டுப் போனார். பிரித்தாள். ஸிக்கியின் பதிலை அப்படியே நகலெடுத்து அனுப்பியிருந்தார்கள். கோணல் எழுத்தில் இரண்டே வரி.

'கடை எண் நான்கில் உள்ள துணி துவைக்கும் இயந்திரம் பற்றி எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. அது தொடர்ந்து ஓடலாம். ஸி. வோய்ச்சிக், கடை எண் ஐந்து.'

இரண்டு தரம் படித்தாள். ஆட்சேபித்திருந்தால் சண்டை போடவாவது வந்திருப்பான். சுவருக்கு அந்தப் பக்கம் உலர்த்தும் மெஷின்கள் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. போன் அடித்தது.

"லெட்டர் வந்துதா நோலீன்?" என்றாள் கர்ஸ்டி. "ஃபைலை மூடிட்டேன். நல்ல செய்திதானே? ஜெயிச்சுட்டீங்க."

"ஆமாம்மா," என்றாள் நோலீன். "ரெண்டு தடவையும் நான்தான் ஜெயிச்சிருக்கேன்."

கவுன்டருக்கு அந்தப் பக்கம் ஆறு பேர் நின்றார்கள். மருந்துக்கடை, பாங்கு, ட்ரூடி, எல்லாரும் ஆர்கேடுக்காரர்கள். அவர்களுக்கு ஆர்கேடில் வேறு எங்கேயும் காபி கிடையாது. நோலீன் போனை வைத்துவிட்டு, முதலில் நின்றவரிடம் சர்க்கரை எத்தனை என்று கேட்டாள்.